தூதுவன் துணைவி

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்வதற்குரிய காரணங்களை எண்ணும் தொல்காப்பியம், கல்வியையும் போரையும் அடுத்துத் தூதினையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. அக மரபில் தூது மேற்செல்பவன் தலைவன். இல்லிருந்து ஆற்றியிருப்பவள் தலைவி. நீராவிக் கப்பலும் புகைவண்டியும் வந்த பின்னர் உலக நாடுகளின் தூது வாழ்க்கை இம்மரபினின்றும் வேறுபட்டது. தூதுவனோடு அவன் துணைவியும் புறப்படலானாள். ஆயினும், எந்த ஊருக்கு, எந்த நாளில், எத்தனை ஆண்டுகளுக்கு என்பனவற்றை உறுதி செய்வோர் யாரோ. அதனைக் கேட்டறிந்து பெட்டியைக் கட்ட வேண்டியவள் அவள். அரசாங்கக் கோப்புகளில் அவள் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவ்வாறு மறைந்து போகாமல் தம் கதையைத் தாமே எழுதி வைத்த ஒருசிலருள் ஒருவர், கேத்தரின் மெக்கார்ட்னி என்னும் ஸ்காட்லாந்துப் பெண்மணி.

1898ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமைக் காலை. அப்போது 21 வயதினரான கேத்தரின் போர்லண்டு, பெற்றோர் இல்லத்துச் சமையலறையில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மணம் பேசி முடித்திருந்த ஜார்ஜ் மெக்கார்ட்னி, நடு ஆசியாவின் கஷ்கர் நகரில் இருப்பதாகவே அவரும் வீட்டாரும் எண்ணியிருந்தனர். அம்மனிதரோ முன்னறிவிப்பு ஏதுமின்றி வாயிலில் வந்து நின்றார். அவருக்குக் கிடைத்த விடுப்பு மூன்றே மாதம். அதில் ஐந்து வாரங்கள் வழிப்பயணத்திலேயே கழிந்துவிட்டன. எஞ்சியதில் பெரும்பகுதி திரும்பும் பயணத்துக்கு வேண்டும். ஆகவே ஒரு வாரத்துக்குள் திருமணம், உடனே புறப்பாடு. கேத்தரினுக்கு ஊரின் பெயர் முன்னரே தெரியும்; நாள்தான் தெரியாது. மணப்பெண்ணுக்குரிய ஆயத்தங்களுக்கு மட்டுமன்றி, கடைவீதி இல்லாத தொலைவில் ஆண்டுக்கணக்கில் வாழ்வதற்கு எவையெவை வேண்டும் என்று சிந்திப்பதற்கும் கிடைத்தவை அந்த ஏழு நாட்களே. தம்மைப் போல் துணிவுப் பயணத்துக்குப் பொருத்தமற்றவர் எவரும் இலர் என்றே அவர் பின்னாளில் தம்மைப் பற்றி எழுதினார். கடற்பயணம் அவருக்கு ஒவ்வாது. குதிரையேற்றப் பழக்கமும் இல்லை.

கஷ்கர் எத்தகைய ஊர்? சீனத்தின் மேற்கெல்லையில், தக்லமக்கான் பாலைவனத்தின் விளிம்பில், பட்டுப் பாதையின் வாணிகர் கூடிய பழைய நகரம் அது. யாகூப் பேக்கின் ஆட்சி வீழ்ந்தபின் மஞ்சு அரசு அதனை மீட்டுக்கொண்டது. 1884இல் சிஞ்சியாங் ஒரு மாகாணமாக அமைக்கப்பட்டது. வடக்கே உருசியப் பேரரசு. தெற்கே மலைத்தொடர்களுக்கு அப்பால் ஆங்கிலேயரின் இந்தியா. இவ்விரண்டும் ஒன்றையொன்று ஐயுற்று நோக்கிய காலம் அது. உருசியர் 1882இலேயே அங்குக் கான்சல் அலுவலகம் நிறுவிவிட்டனர். ஆங்கிலேயர் சார்பில் 1890இல் யங் ஹஸ்பண்டு என்னும் படைத் தலைவர் அப்பகுதிக்கு வந்தபோது, மொழிபெயர்ப்பாளராக உடன் வந்த இளைஞரே ஜார்ஜ் மெக்கார்ட்னி. யங் ஹஸ்பண்டு மறு ஆண்டு திரும்பிச் சென்றார். மெக்கார்ட்னியோ தங்கினார், இடையிடையே விடுப்பில் சென்றது தவிர 1918 வரை தங்கினார்.

அவர் பதவியின் பெயரே அவர் நிலையை உணர்த்தும். காசுமீரில் இருந்த ஆங்கில ரெசிடெண்டுக்குச் சீன விவகாரங்களில் சிறப்பு உதவியாளர் என்பது அது. கான்சல் என்னும் தகுதியைச் சீன அரசு அளிக்கவில்லை. உருசியரும் அதனை விரும்பவில்லை. கொடிக்கம்பமும் காவற்படையும் உருசியக் கான்சல் பெத்ரோவ்ஸ்கியிடம் இருந்தன. மெக்கார்ட்னியிடம் இருந்தவை பொறுமையும் சீன மொழியறிவுமே. அம்மொழி அவருக்கு ஏட்டுக் கல்வியால் மட்டும் வாய்த்ததன்று. அவர் 1867இல் நான்கிங் நகரிற் பிறந்தவர். தந்தை ஹாலிடே மெக்கார்ட்னி, சீனப் பெருந்தலைவர் லீ ஹுங் சாங்கிடம் பணியாற்றிய ஸ்காட்லாந்தியர். பின்னர் இலண்டனில் சீனத் தூதரகத்தின் ஆலோசகராக விளங்கியவர். தாயார் ஒரு சீனப் பெண்மணி. அந்நாளைய ஆங்கிலச் சமுதாயத்தில் இக்கலப்புப் பிறப்பு ஒருவரின் உயர்வுக்குத் தடையாக அமையக்கூடியது. தாயைப் பற்றி மகன் வாய் திறந்ததே இல்லை என்பர். கேத்தரினும் தம் நூலில் தம் மாமியாரைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. நூல் முழுவதும் சீனரைப் பற்றியும் சீன விருந்துகளைப் பற்றியும் சுவைபட எழுதிச் செல்லும் ஒருவர், தம் கணவர் பாதிச் சீனர் என்பதைச் சொல்லாமல் விட்டது தற்செயலாக இருக்க இயலாது. வரலாறு பயில்வோர் எழுதப்பட்டதைப் படித்தால் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பயணம் ஏறக்குறைய ஆறு வாரம். ஐரோப்பாவைப் புகைவண்டியில் கடந்து, காஸ்பியன் கடலைக் கப்பலில் தாண்டி, உருசியர் பாலைவனத்தினூடே அமைத்திருந்த இருப்புப்பாதை வழியாகச் சமர்க்கண்டைக் கடந்து சென்றனர். ஓஷ் நகருக்கு அப்பால் வண்டிப் பாதையும் இல்லை. குதிரையும் பொதி விலங்குகளும்தாம். 3,500 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்களைக் கடந்து, இர்க்கெஷ்டாம் என்னும் எல்லைச் சாவடி வழியே சீன மண்ணில் இறங்க வேண்டும். புதுமணப்பெண்ணின் முதற் குடித்தனம் கூடாரத்தில்தான் தொடங்கியது.

சென்று சேர்ந்த இல்லத்தின் பெயர் சினி பாக். சீனத் தோட்டம் என்பது பொருள். நகர மதிலுக்கு வெளியே, ஆற்றைப் பார்த்த மேட்டு நிலத்தில், மண்ணால் எழுப்பிய எளிய வீடு அது. கண்ணாடிச் சில்லும் அரும்பொருளாயிருந்த ஊர். வேண்டிய பொருள் எதனையும் அங்கேயே செய்துகொள்ள வேண்டும். இல்லையேல் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடிதம் வருவதற்கே வாரங்கள் செல்லும். வீட்டுக்காரருடன் முன்னரே ஒட்டிக்கொண்டிருந்த முதிய டச்சுப் பாதிரியார் ஹெண்ட்ரிக்ஸ், சுவீடன் நாட்டுச் சமயப் பணியாளர் குடும்பங்கள், உருசிய அலுவலகத்தார் ஆகியோரே ஐரோப்பியச் சுற்றம். அந்தச் சிறு வட்டத்திலும் பகை புகுந்தது. பெத்ரோவ்ஸ்கி மெக்கார்ட்னியுடன் பேசுவதையே 1899இல் நிறுத்திவிட்டார்; மூன்றாண்டு அளவுக்கு அம்மௌனம் நீடித்தது. அரசியலில் இது ஒரு சிறு செய்தி. ஒரு கையளவு மனிதரே தம் மொழிகளில் உரையாடக் கிடைத்த ஊரில், ஓர் இளம்பெண்ணுக்கு இதன் பொருள் என்ன என்பதைக் கோப்புகள் கூறமாட்டா.

அம்மையார் சோர்ந்துவிடவில்லை. சமையலைக் கற்றார், உள்ளூர்ப் பணியாளருடன் பேச அவர்தம் மொழியைப் பழகினார், தோட்டத்தை வளர்த்தார். சீன அதிகாரிகளின் இல்லங்களுக்குச் சென்று, கட்டிய பாதங்களுடன் நடக்கும் அவ்வீட்டுப் பெண்டிரோடு பழகினார். ஆண்களாகிய அதிகாரிகள் ஒருபோதும் நுழைய இயலாத அகமனைகள் அவை. அங்கு அவர் கண்டு எழுதியவை இன்று ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன. கணவரின் பதவிக்குக் கிடைக்காத நுழைவுரிமை மனைவியின் நட்புக்குக் கிடைத்தது.

சினி பாக் மெல்ல மெல்ல நடு ஆசியப் பயணிகளின் தங்கல் மனையாயிற்று. பாலைவனத்துப் புதையுண்ட நகரங்களைத் தேடிய ஆரல் ஸ்டைன் 1900இல் அங்குத் தங்கியே தம் முதற் பயணத்துக்கு ஆயத்தம் செய்தார். பின்வந்த பயணங்களிலும் அதனையே தமக்கு இல்லமாகக் கொண்டார். மெக்கார்ட்னி விலை கொடுத்து வாங்கிக் கல்கத்தாவிலிருந்த அறிஞர் ஹேர்னலேக்கு அனுப்பிய ஓலைகளுள் பல, இசுலாம் அக்கூன் என்னும் உள்ளூர் வித்தகன் தானே எழுத்துக்களைப் படைத்து உருவாக்கிய போலிகள் என்பதை 1901இல் வெளிப்படுத்தியவரும் ஸ்டைனே. எவரும் படிக்கவியலாத எழுத்தைப் படிக்க முயன்று ஹேர்னலே செலவிட்ட ஆண்டுகளை எண்ணினால் நகைப்பும் வருகிறது, இரக்கமும் வருகிறது.

1908ஆம் ஆண்டையொட்டியே மெக்கார்ட்னிக்குக் கான்சல் தகுதி வாய்த்தது. சில ஆண்டுகளில் கான்சல் ஜெனரல் ஆனார். 1913இல் சர் பட்டமும் பெற்றார். அதாவது, கேத்தரின் அம்மையார் ஒரு தூதுவரின் மனைவி என்று முறைப்படி அழைக்கப்படுவதற்கே ஏறத்தாழப் பத்தாண்டுகள் சென்றன. அதற்குள் அவர் தூதுவர் மனைவிக்குரிய கடமைகள் அனைத்தையும் செய்து முடித்திருந்தார். மண்வீட்டின் இடத்தில் புதிய கட்டடம் எழுந்ததும் அதன் பின்னரே.

இடையில் வந்தது சீனப் புரட்சி. 1912 மே மாதத்தில் கஷ்கரின் தாவோதாய், அஃதாவது அவ்வட்டாரத்தின் உயர் அதிகாரி, கொலையுண்டார். நகரெங்கும் அச்சம். சிறு குழந்தைகளோடு சினி பாக் மனையில் இருந்த அம்மையாருக்கு அஃது எத்தகைய இரவு என்பதைக் கற்பனை செய்ய வேண்டுவதில்லை; அவரே எழுதியிருக்கிறார். குடிமக்களைக் காப்பதாகக் கூறி உருசியர் கோசாக்குப் படையினரை அனுப்பினர்.

1914இல் ஐரோப்பாவில் போர் மூண்டது. 1915இல் மெக்கார்ட்னி விடுப்பில் சென்றபோது அவர் பணியை ஏற்ற பெர்சி சைக்ஸுடன் வந்தவர் அவர் மனைவியல்லர்; தமக்கை எல்லா சைக்ஸ். அவரும் அந்நாட்டைப் பற்றித் தம் தம்பியுடன் இணைந்து ஒரு நூல் எழுதினார். கேத்தரின் அம்மையாரின் நூலோ 1931இல்தான் இலண்டனில் வெளிவந்தது. சீனத் துருக்கிஸ்தானத்தில் ஓர் ஆங்கிலப் பெருமாட்டி என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். அவர் ஸ்காட்லாந்தியர் என்பதைத் தலைப்பே மறந்துவிட்டது வேடிக்கை. எளிய நடை, தற்பெருமை இல்லை. ஆயினும் ஆளும் இனத்தாரின் பார்வை ஆங்காங்கே தலைகாட்டாமல் இல்லை. பணியாளரைக் குழந்தைகளைப் போல் எண்ணிப் பேசும் இடங்களை இன்றைய மாணவர் விழிப்போடு படித்தல் வேண்டும். அதற்காக நூலைத் தள்ளிவிடுவதும் தகாது. கஷ்கரின் அக்கால அரசியலை ஜார்ஜ் மெக்கார்ட்னியின் அறிக்கைகள் நமக்கு அளிக்கின்றன. அங்கு ஒரு வீட்டில் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பதை அவை அளிக்கவில்லை.

பிரித்தானிய அரசு தூதுப்பணியின் கதவைப் பெண்களுக்குத் திறந்தது 1946இல். அப்போதும் மணம் செய்துகொண்டால் பணியை விட வேண்டும் என்னும் விதி இருந்தது. 1973இல்தான் அது நீங்கியது. அதுவரை பெண்ணொருத்தி தூதுவராகலாம், அல்லது மனைவியாகலாம், இரண்டுமாதல் இயலாது. கேத்தரின் அம்மையாரின் காலத்திலோ இத்தெரிவும் எழவில்லை.

மெக்கார்ட்னி இணையர் முதுமையில் ஜெர்சித் தீவில் குடியேறினர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் அத்தீவைக் கைப்பற்றியபோது அங்கேயே சிக்கினர். சர் ஜார்ஜ் 1945இல் மறைந்தார், அம்மையார் 1949இல். கஷ்கரில் ஆங்கிலக் கான்சல் அலுவலகம் அதற்கு முந்திய ஆண்டே மூடப்பட்டிருந்தது. பின்னாளில் சினி பாக் வளாகம் வழிப்போக்கர் தங்கும் விடுதியாயிற்று.