எண்ணில் அடைபடும் குணம்

ஒரு மனிதனின் குணத்தை எண்ணாக எழுத முடியுமா என்பது பழைய கேள்வி. எழுதிய எண் எங்கே ஒட்டப்படுகிறது, அவன் நெற்றியிலா அவன் நடந்துபோகும் தரையிலா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விளையாட்டுகளின் வரலாறு இந்த இடத்தில் நமக்கு உதவும். சமூகம் மறைத்து வைத்திருக்கும் விதிகளை விளையாட்டு அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறது.

ஸ்ரீமுஷ்ணம் மாதிரி பெருமாள் கோயில் ஊர்களில் வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்கப் பரமபத சோபன படத்தை விரிப்பார்கள். காய் என்று தனியாக ஒன்றும் வேண்டாம். புளியங்கொட்டை, சோழி, உடைந்த வளையல் துண்டு, எது கிடைத்தாலும் சரி. தாயம் விழுந்தால் காய் இறங்கும். பழைய படங்களில் ஏணியின் அடிக்கட்டம் ஒரு நற்குணத்தின் பெயரைத் தாங்கும். பாம்பின் தலை ஒரு தீக்குணத்தின் பெயரை. இங்கே கவனிக்க வேண்டியது, குணம் முழுவதும் தரையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை. புளியங்கொட்டைக்குக் குணம் கிடையாது. சோழி புத்திசாலி, வளையல் துண்டு மந்தம் என்று யாரும் சொல்வதில்லை. பாம்பு கடித்து இறங்கிய காய் தன் பாவத்தை முதுகில் கட்டிக்கொண்டு நடப்பதுமில்லை. அடுத்த வீச்சில் அது மற்றக் காய்களைப் போலவே இன்னொரு காய்.

இதற்கு நேர் எதிரான ஏற்பாடு 1974இல் அமெரிக்காவில் அச்சாகியது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு அது. நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையைப் பேசியே நடத்துவார்கள். ஒருவர் நடுவராக இருப்பார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு எண்கள் உண்டு: வலிமை, அறிவு, விவேகம், உடல் உறுதி, லாவகம், வசீகரம். மூன்று பகடைகளை உருட்டி ஒவ்வொன்றுக்கும் 3 முதல் 18 வரை ஓர் எண் எழுதப்படும். முதல் பதிப்பின் விதிப்படி உருட்டுகிறவர் நடுவர், ஆடுகிறவர் அல்ல. ஆள் கதைக்குள் வரும் முன்பே தலையெழுத்து தயார்.

மூன்று பகடைகள் விழும் வகைகள் 216. அதில் 18 விழ ஒரே ஒரு வழி. 10, 11 இரண்டும் சேர்ந்து 54 வழிகளில், அதாவது நாலில் ஒரு பங்கு விழும். பெரும்பாலோர் நடுவில், சிலர் உச்சியில், சிலர் அடியில் என்ற மணி வடிவக் கோட்டை இந்தப் பகடைகள் தாமாகவே வரைந்துவிடுகின்றன. மனிதத் திறனைப் பற்றி ஐரோப்பிய அளவையியல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வரைந்துவரும் கோடும் இதுவே.

இந்த எண்கள் போர்க்களத்திலிருந்து வந்தவை. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டில், படைப்பிரிவுகள் மோதும்போது சேதத்தைப் பகடையும் அட்டவணையும் தீர்மானித்தன. அந்த மரபில் வந்த ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விளையாட்டு 1971இல் கைகாக்ஸ், ஜெஃப் பெரன் இருவரால் வெளியானது. படைப்பிரிவுக்கு இருந்த தாக்குதிறன் எண் கொஞ்சம் கொஞ்சமாகத் தனியாளின் உடலுக்குள் இறங்கியது. ஒழுங்குபடுத்தும் அதிகாரம் கும்பலைப் பிரித்துத் தனியாளை உற்பத்தி செய்கிறது என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். அதற்கு ஓராண்டு முன்பே ஒரு விளையாட்டுப் புத்தகம் அதை விதியாக்கி விற்றுக்கொண்டிருந்தது.

அந்த முதல் பதிப்பில் ஒரு சின்ன விதி உண்டு. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு முதன்மை ஆற்றல்: சண்டைக்காரனுக்கு வலிமை, மந்திரக்காரனுக்கு அறிவு. அந்த எண் 15 அல்லது அதற்கு மேல் என்றால் அவன் ஈட்டும் அனுபவப் புள்ளிகளோடு 10 சதவீதம் கூடும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் 20 சதவீதம் குறையும். இரண்டு பேர் ஒரே குகைக்குள் போகிறார்கள், ஒரே ஆபத்தைச் சந்திக்கிறார்கள். திரும்பி வரும்போது ஒருவன் கூடுதலாகக் கற்றவன், இன்னொருவன் குறைவாகக் கற்றவன். செயல் ஒன்றுதான், கூலி வேறு. ‘அவனுக்குப் படிப்பு ஏறாது’ன்னு நம்ம ஊர் வாத்தியார் சொல்வாரே, அந்த வாக்கியத்தின் கணித வடிவம் இது.

1978இல் வந்த விரிவான விதிநூல் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. ஒவ்வோர் இனத்துக்கும் பிறப்பிலேயே கூட்டல் கழித்தல். குள்ளருக்கு உடல் உறுதியில் ஒன்று கூடும், வசீகரத்தில் ஒன்று குறையும். அரை ஓர்க்குகளுக்கு வசீகரத்தில் இரண்டு குறையும். பெண் பாத்திரத்தின் வலிமைக்குத் தனி உச்சவரம்பு இருந்தது. 1989இன் இரண்டாம் பதிப்பில்தான் அது போனது. விளையாட்டுதானே, இதில் என்ன என்று கேட்கலாம். இந்த அட்டவணை வடிவம் நமக்குப் புதிதாக இருந்தால் அப்படிக் கேட்பது நியாயம்.

நமக்கு அது புதிதல்ல. 1901 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அளந்து சாதியின் படிநிலையைச் சொல்லிவிடலாம் என்று நம்பினார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர் எட்கர் தர்ஸ்டன் அளவுகோல்களோடு தென்னாட்டு உடல்களைத் தேடிப் போனார்; 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகள் வெளியிட்டார். உயரம், மண்டை, மூக்கு எல்லாம் எண்களாகிச் சாதிப்பெயருக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்தன. அளக்க முடியாத குணங்களுக்கு அளவுகோல்கூட வேண்டியிருக்கவில்லை. விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கிற வேப்பூரின் பறையர்களைக் காலனிய ஆவணங்கள் களவோடு சேர்த்தே எழுதின. ஓர் ஊரின் பெயரும் ஒரு சாதியின் பெயரும் சேர்ந்து பிறப்புக் குணமாக மாறின. 1871இல் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டங்களின் தர்க்கமும் இதுவே: குழந்தை ஏதும் செய்வதற்கு முன்பே அதன் தாளில் எழுதியாகிவிட்டது.

வெள்ளைக்காரன் மட்டும் எழுதினான் என்று நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவனுக்கும் தலைவிக்கும் ஒத்திருக்க வேண்டியவை என்று பத்தைச் சொல்கிறது. பட்டியலில் முதலில் நிற்பது பிறப்பு, அடுத்தது குடிமை. அருளும் உணர்வும் கடைசிக்குப் பக்கத்தில்தான் வருகின்றன. பொருத்தம் பார்க்கும் இந்த மனம் ஜாதகத்துக்குள் போய் எண்ணாக இறுகியது. ‘பத்துக்கு ஏழு பொருந்துது’ன்னு இன்னைக்கும் கல்யாணப் பேச்சில் கேட்கிறோம். வடக்கே எட்டுக் கூடங்களுக்கு ஒன்று முதல் எட்டு வரை மதிப்பெண் போட்டு மொத்தம் 36 குணம் என்கிறார்கள். அதில் முதல் கூடத்தின் பெயரே வர்ணம்.

அப்படியானால் பரமபதம் நமது மாற்றுக் கதையாடலா? அவசரப்பட வேண்டாம். அட்டையில் எல்லாக் காயும் ஒரே கட்டத்தில் தொடங்கிய காலத்தில், கோயில் வாசலில் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்க முடியவில்லை. சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் முழுமையாக வர 1947 ஆயிற்று. தரையில் எழுதிய குணங்களையும் யாரோதான் எழுதினார்கள். எது ஏணி, எது பாம்பு என்பது அவர்களின் தீர்ப்பு. பரமபதத்தின் சமத்துவம் பகடைக்கு முன்னால் உள்ள சமத்துவம், அவ்வளவே. ஆனாலும் அதில் ஒரு விஷயம் உண்டு. காயின் உடம்பில் அது எதையும் எழுதவில்லை.

மேற்கத்திய விளையாட்டு வடிவமைப்பாளர்களும் இந்தச் சிக்கலை உணராமல் இல்லை. 1977இன் ‘டிராவலர்’ விளையாட்டில் பாத்திரம் முதலில் வேலைக்குப் போக வேண்டும். அந்த ஆண்டுகள் அதன் திறன்களைக் கூட்டும், முதுமை எண்களைக் குறைக்கும். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளைப் போல அச்சில் ஒன்றாக விழுந்தவை சூளைக்குப் போய்த்தான் வேறாகின்றன. 1981இன் ‘சாம்பியன்ஸ்’ பகடையை விட்டுவிட்டு எல்லாருக்கும் ஒரே அளவு புள்ளிகளைக் கொடுத்து, பங்கிட்டுக்கொள் என்றது. 2020இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், இனத்தோடு வரும் கூட்டலை விரும்பிய ஆற்றலுக்கு மாற்றிக்கொள்ளும் விருப்ப விதியைத் தந்தது. 2024இன் புதிய விதிநூல் அந்தக் கூட்டலை இனத்திலிருந்தே எடுத்து, பாத்திரம் வளர்ந்த பின்னணிக்குக் கொடுத்தது. பிறப்பிலிருந்து வாழ்நிலைக்கு எண் இடம்பெயர ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஒரு விளையாட்டுக்கே இவ்வளவு காலம்.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 வாங்கினார். மருத்துவச் சேர்க்கைக்கான பழைய கணக்கில் அவர் எண் 200க்கு 196.75. நீட் தேர்வில் அவர் எண் 720க்கு 86. ஒரே மாணவி, ஒரே ஆண்டு. 2017 செப்டம்பர் 1 அன்று அவர் இறந்தபோது, இதில் எது அவருடைய ‘தகுதி’ என்று தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது. விவாதித்தவர்கள் இரண்டு எண்களையும் அவருடைய உடம்புக்குள் தேடினார்கள். எனக்குத் தெரிந்தவரை இரண்டும் அவரைப் பற்றிய எண்களே அல்ல. ஒன்று அவர் நடந்து பழகிய தரையின் எண்; மற்றது ஒரே நாளில் மாற்றி விரிக்கப்பட்ட வேறொரு படத்தின் எண். புதிய படத்தில் பயிற்சி மையம் ஏணி, அரசுப் பாடத்திட்டம் பாம்பு. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, இது தரையின் பிரச்சினைதான் என்று அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம்.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண் இல்லாத இடத்தில் சிபாரிசு உட்கார்ந்துகொள்ளும், சாதிப்பெயர் உட்கார்ந்துகொள்ளும். அது நாம் பார்த்ததுதான். ஒதுக்கீடும் ஓர் எண்தான். ஆனால் அது தரையின் மேடுபள்ளத்தைக் கணக்கெடுத்து எழுதிய எண். ஆளின் மண்டையை அளந்து எழுதியது அல்ல. ஆகவே எந்த எண் நம்முன் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். ஆறு கட்டங்களா பத்துக் கட்டங்களா என்று தீர்மானித்தது யார்? பகடை யார் கையில் இருந்தது? ஒருமுறை விழுந்த எண்ணை அழித்தெழுத விதியில் இடம் உண்டா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வருமானால், அந்த எண்ணை அளவை என்று அழைக்கக் கூடாது. அதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: சாதி.