'மொழி' என்ற சொல்லை அறியாத தேடற்கோவை

கணினியில் ஒரு சொல்லைத் தேடுவது எளிது. சொல்லின் வடிவத்தைத் தேடுவது அரிது. "நான்கு இலக்கமுடைய ஆண்டுகள் இந்நூலில் எங்கெங்கு உள்ளன?" என வினவத் தனிக் குறியீட்டு முறை வேண்டும். 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' எனப்படும் அதனை இவ்வுரையில் தேடற்கோவை என்போம். 1951இல் கணித அறிஞர் ஸ்டீஃபன் கிளீனி அதன் அடிப்படையை வகுத்தார். அதனை உரைத் தேடலுக்குரிய கருவியாக்கும் வழியைக் கென் தாம்சன் 1968இல் வெளியிட்டார்.

இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பொது வரையறையில், 1999இல் வந்த மூன்றாம் பதிப்பில் தேடற்கோவை இடம்பெற்றது. அதில் 'சொல்லுக்குரிய எழுத்து' என்றொரு வகுப்பு உண்டு. ஆங்கில எழுத்துகள் பெரியவும் சிறியவுமாக 52, இலக்கங்கள் 10, அடிக்கோடு 1. ஆக மொத்தம் 63. நம் 247 எழுத்துகளுள் ஒன்றேனும் அதில் இல்லை. அடிக்கோட்டுக்குக் கிடைத்த இடம் அகரத்துக்குக் கிடைக்கவில்லை!

பிழையெனத் தெரிந்தும் ஏன் திருத்தவில்லை? முன்னரே எழுதப்பட்ட பக்கங்கள் அப்பழைய பொருளை நம்பியே இயங்குகின்றன. அதனை மாற்றினால் அவை பழுதுபடும். ஆகவே பழையதைத் தொடாமல் புதியதைச் சேர்ப்பதே வழக்கம். புதியதைச் சேர்ப்பதும் எளிதன்று. டிசி39 என்னும் குழுவில் ஓர் உறுப்பினர் முன்மொழிவை ஏற்று நடத்த வேண்டும். வரையறை வாசகமும் சோதனைகளும் எழுதப்பட வேண்டும். இரண்டு செயலாக்கங்களேனும் அச்சோதனைகளில் தேற வேண்டும். ஓரிடத்துக்கு முன் நிற்பது யாது எனப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி பெர்ல் மொழியில் 1998இலேயே இருந்தது. ஜாவாஸ்கிரிப்டின் வரையறைக்கு அது 2018இல்தான் வந்தது.

அதே 2018இல், யூனிகோடு தரும் பண்புகளைக் கொண்டு எழுத்துகளைத் தேடும் வசதியும் வந்தது. ஆயினும் யூனிகோடு 'எழுத்து' எனக் கொள்வது வேறு, நாம் கொள்வது வேறு. 'மொழி' நமக்கு இரண்டு எழுத்து. யூனிகோடுக்கோ நான்கு குறியெண்கள். அவற்றுள் மகரமும் ழகரமுமே எழுத்துகள். உயிர்க்குறிகள் இரண்டும் துணைக்குறிகள். புள்ளியும் அவ்வாறே. எனவே 'எழுத்து மட்டும்' என்று நிரலர் வரையறுத்த படிவம், தன் பெயரைத் தமிழில் எழுதும் மாணவி கயல்விழியை ஏற்காது. 'தமிழ் வரிவடிவம்' எனக் கேட்டால் துணைக்குறிகள் அடங்கும்; தமிழ் இலக்கங்களும் உடன்வரும். ஒரு வகுப்பிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும் வசதி 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்ததால், இலக்கங்களை இப்போது நீக்கலாம்.

அப்பதிப்பு இன்னொன்றும் தந்தது: பல குறியெண்களால் ஆன முகக்குறிப் படங்களை ஒற்றை அலகாகப் பொருத்தும் பெயர்கள். உயிர்மெய்க்கு அத்தகைய பெயர் ஒன்றும் அதில் இல்லை.