கணினிப் பட்டி மரபுகளின் வரலாறு

மென்பொருள் ஒன்றின் கட்டளைகளைத் திரையில் வரிசையாகக் காட்டி, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்யும் அமைப்பு பட்டி (மெனு) எனப்படும். கோப்பு இடக்கோடியிலும் உதவி வலக்கோடியிலும் அமைவதும், கன்ட்ரோல் விசையுடன் சி-யை அழுத்தினால் நகலெடுப்பதும் இன்று இயல்பாகத் தோன்றுகின்றன. 1980-களின் தொடக்கத்தில் நிலைமை வேறு.

அக்காலத்தில் ஐபிஎம் பிசியில் பரவலாக இருந்த மூன்று மென்பொருள்களே இதற்குச் சான்று. லோட்டஸ் 1-2-3 விரிதாளில் எஃப்1 விசை உதவியைத் தந்தது. வேர்டுபெர்ஃபெக்ட் சொற்செயலியில் அதே விசை ரத்து செய்வதற்கு உரியது; உதவிக்கு எஃப்3. வேர்டுஸ்டாரில் சேமிக்க வேண்டுமெனில் கன்ட்ரோலுடன் கே, பிறகு எஸ். வேர்டுபெர்ஃபெக்ட் பயனர்கள் எந்த விசை எதற்கு என்று அச்சிட்ட அட்டையை விசைப்பலகையின் மேல் பொருத்திக்கொண்டு வேலை செய்தனர். ஒரு மென்பொருளில் பெற்ற பயிற்சி அடுத்ததற்குப் பயன்படவில்லை.

ஆப்பிள் நிறுவனம் வேறு வழியில் சென்றது. 1983-இல் வெளியான லிசா கணினிக்கு இழுபட்டிகளை வடிவமைத்தவர் பில் அட்கின்சன். உருவாக்கத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் அவர் போலராய்டு படங்களாக எடுத்து வைத்தார். சாளரத்தோடு ஒட்டியிருந்த பட்டி திரையின் உச்சிக்கு ஏறியதை அவற்றில் காணலாம். வெட்டு, நகலெடு, ஒட்டு ஆகிய செயல்களை ஜெராக்ஸ் ஆய்வகத்தில் உருவாக்கியவர்களுள் ஒருவரான லாரி டெஸ்லர் லிசா குழுவிலும் பணியாற்றினார். எக்ஸ், சி, வி என்று விசைப்பலகையின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து அமைந்த எழுத்துகள் லிசாவிலேயே இச்செயல்களுக்கு உரியவையாயின.

1984-இல் வந்த மாக்கின்டாஷ், பட்டி வரைவதற்கான நிரல்களைத் தன் 64 கிலோபைட் நிலைநினைவகத்திலேயே வைத்திருந்தது. தனியாக ஒரு பட்டியை எழுதுவதை விட ஆயத்தமாக இருந்ததைப் பயன்படுத்துவது நிரலாளருக்கு எளிது. விதிநூல்களால் வந்ததை விட இந்த வசதியால் வந்த ஒற்றுமையே அதிகம் எனலாம். பயன்படாத கட்டளையை நீக்காமல் மங்கலாகக் காட்டும் வழக்கத்தையும் ஆப்பிள் வலியுறுத்தியது. கட்டளை இடம் மாறாதிருந்தால்தான் கை அதைப் பழகும்.

ஐபிஎம் 1987-இல் பொதுப் பயனர் அணுகல் என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. எஃப்1 உதவிக்கு, ஆல்ட்டுடன் எஃப்4 சாளரத்தை மூடுவதற்கு, உரையாடல் பெட்டியைத் திறக்கும் கட்டளையின் முடிவில் மூன்று புள்ளிகள் ஆகிய மரபுகள் விண்டோசில் வேரூன்ற இதுவே வழிசெய்தது. நகலெடுக்க இது வகுத்தது கன்ட்ரோலுடன் இன்செர்ட். ஒட்டுவதற்கு ஷிஃப்ட்டுடன் இன்செர்ட். 1992-இல் வந்த விண்டோஸ் 3.1 ஆப்பிளின் எழுத்துகளைக் கன்ட்ரோலுடன் சேர்த்து ஏற்றது. பழைய விசைகள் பல மென்பொருள்களில் இன்றும் வேலை செய்கின்றன.

இதற்கிடையே பட்டி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நீதிமன்றம் ஏறியது. லோட்டஸ் 1-2-3-இல் 469 கட்டளைகள் ஐம்பதுக்கு மேற்பட்ட பட்டிகளிலும் துணைப்பட்டிகளிலும் அடுக்கப்பட்டிருந்தன. போர்லாண்ட் நிறுவனம் தன் குவாட்ரோ விரிதாளில் சொந்தப் பட்டியோடு லோட்டஸின் பட்டி அடுக்கையும் மாற்றுத் தெரிவாக அளித்தது. லோட்டசில் பழகியவர்கள் புதிதாகக் கற்காமலும், அவர்கள் எழுதிவைத்த குறுநிரல்கள் வீணாகாமலும் மாறி வரலாம் என்பதே அதன் நோக்கம். லோட்டஸ் 1990-இல் பதிப்புரிமை வழக்குத் தொடுத்து, மாவட்ட நீதிமன்றத்தில் வென்றது. 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பட்டி அடுக்கு ஓர் இயக்கும் முறை. வீடியோ கருவியின் பொத்தான்களைப் போன்றது. பதிப்புரிமைக்கு உட்படாது என்பது அதன் முடிவு. பயனர்கள் கற்பதில் செலவிட்ட உழைப்பு அவர்களை ஒரே நிறுவனத்தோடு பிணைத்துவிடக்கூடும் என்பதை நீதிபதி பௌடின் தனியுரையில் எடுத்துக்காட்டினார். 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நான்குக்கு நான்கு எனப் பிரிந்ததால் அத்தீர்ப்பே நிலைத்தது. கற்ற பழக்கத்தைக் கற்றவரே எடுத்துச் செல்லலாம் என்றாயிற்று. ஆனால் சமநிலைத் தீர்ப்பு நாடு முழுமைக்கும் முன்மாதிரி ஆகாது.

பின்னர் மரபை உடைத்தவர்களும் உண்டு. மைக்ரோசாப்ட் ஆபிஸ் 2000 அரிதாகப் பயன்படும் கட்டளைகளை மறைத்து வைத்தது. தேடியது கிடைக்காமல் பலர் குழம்பினர். ஆபிஸ் 2007-இல் வேர்டு, எக்செல் முதலியவற்றில் பட்டிக்குப் பதில் நாடா வந்தது.

தமிழ் இடைமுகங்களில் இதே சிக்கல் மொழிவழி நுழைந்தது. ஒரே கட்டளை ஒரு மென்பொருளில் 'தொகு' என்றும் மற்றொன்றில் 'திருத்து' என்றும் தமிழாக்கப்பட்டது. ஆல்ட் விசையுடன் அழுத்தவேண்டிய எழுத்தாக ஆங்கில எழுத்தையே வைத்து, 'கோப்பு' என்ற சொல்லருகே எஃப் என்று அடைப்புக்குறிக்குள் காட்டிய தமிழாக்கங்களும் உண்டு.