எட்டும் எகிறலும்

1972இல் சப்போரோ குளிர்கால ஒலிம்பிக்கில் ஜப்பானியர்கள் ஒரு விசித்திரம் செய்தார்கள். தங்கம் வென்ற பெண்ணை மறந்துவிட்டு, கீழே விழுந்த பெண்ணைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

தங்கம் வென்றவர் ஆஸ்திரியாவின் டிரிக்ஸி ஷூபா. இசைக்கு ஆடும் விருப்ப ஆட்டத்தில் அவருக்கு ஏழாவது இடம்தான். அதில் முதலாவதாக வந்த அமெரிக்கப் பெண் ஜேனட் லின்னுக்குக் கிடைத்தது வெண்கலம். உட்கார்ந்தபடி சுழலும்போது நிலை தவறிப் பனியில் விழுந்த ஜேனட், சிரித்துக்கொண்டே எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்தச் சிரிப்புக்கு ஜப்பானே விழுந்துவிட்டது. ஃபிகர் ஸ்கேட்டிங் என்றால் என்னவென்றே தெரியாதிருந்த வீடுகளில்கூட அவர் பெயர் பழகிப் போனது.

சரி, ஏழாவதாக வந்தவருக்கு எப்படித் தங்கம்? அன்றைய விதிப்படி மொத்த மதிப்பெண்ணில் பாதி 'கட்டாய வடிவங்கள்' என்ற பகுதிக்குப் போய்விடும். நம் ஊரில் லைசென்ஸ் வாங்கப் போனால் ஆர்டிஓ முன்னால் எட்டு போட்டுக் காட்டச் சொல்வார்களே, ஏறக்குறைய அதே பரீட்சைதான். ஒற்றைக் காலில் நின்று, ஷூவுக்கடியில் உள்ள இரும்புத் தகட்டின் ஒரு விளிம்பை மட்டும் அழுத்தி, பனியின்மேல் எட்டு போட வேண்டும். பிறகு அதே தடத்தின் மேலேயே இரண்டாம் முறை, மூன்றாம் முறை. இசை கிடையாது. ஆட்டக்காரர் விலகியதும் நடுவர்கள் பனியில் இறங்கி வருவார்கள். குனிந்தும் சில சமயம் மண்டியிட்டும் கோட்டைப் பார்ப்பார்கள். வட்டம் நசுங்கியிருக்கிறதா, மூன்று தடமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கிறதா, திரும்பிய இடத்தில் பனி சிராய்ந்திருக்கிறதா என்று ஆராய்வார்கள். இதற்குப் பழகவே பெண் பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து, ஆளுக்கொரு துண்டு வெறும் பனியை ஒதுக்கி வாங்கிக்கொண்டு, மணிக்கணக்கில் எட்டு போட்டார்கள். ஷூபா இந்தக் கலையில் ஈடு இணையற்றவர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை, தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தப் பகுதியைக் காட்டாமல் பதக்கத்தை மட்டும் காட்டியதில்தான்.

ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு ஒன்று பிடிக்கிறது, மதிப்பெண் வேறொன்றுக்குப் போகிறது என்ற முணுமுணுப்பு வலுத்தது. 1973இல் குறும் ஆட்டம் என்ற புதிய சுற்றைச் சேர்த்தார்கள். எட்டின் பங்கு படிப்படியாகச் சரிந்து 30 சதவீதத்துக்கு வந்தது. வந்து, பல ஆண்டுகள் அங்கேயே நின்றது. இனி வரப்போகும் நம் கதாநாயகி அந்த 30 சதவீதத்தில்தான் மாட்டிக்கொண்டார்.

ஜப்பானில் இந்த ஆட்டத்துக்கு வேர் இல்லாமல் இல்லை. 1936இல் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டென்கிர்ஷென் ஒலிம்பிக்குக்கு எட்சுகோ இனாடா என்ற 12 வயதுச் சிறுமியை அனுப்பினார்கள். பத்தாவதாக வந்தாள். 1979இல் எமி வதனபே உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். உலகப் போட்டியில் ஜப்பானியப் பெண் ஒருவர் ஏறிய முதல் பதக்க மேடை அதுதான். ஆனாலும் ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் மாறி மாறி ஆண்ட இந்த ஆட்டத்தில் ஜப்பான் வந்துபோகும் விருந்தாளியாகவே இருந்தது.

அதை மாற்றியது நகோயா. கார் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன அந்தப் பகுதியில், ஓசு என்ற பழைய கடைத்தெருப் பேட்டையில் ஒரு ரிங்க் உண்டு. அங்கே பயிற்சி கொடுத்தவர் மச்சிகோ யமாடா என்ற பெண்மணி. அவரிடம் வந்து சேர்ந்த சிறுமி மிடோரி இட்டோ, 1969இல் பிறந்தவள். பெற்றோர் பிரிந்ததும் யமாடா தன் வீட்டிலேயே அவளை வைத்து வளர்த்தார். வளர்ந்த பிறகும் உயரம் ஐந்தடியைத் தொடவில்லை. ஆனால் அந்த உடம்பு தரையை உதைத்துக் கிளம்பும் வேகமும் உயரமும் ஆண் ஆட்டக்காரர்களையே திரும்பிப் பார்க்க வைத்தன.

1988, கால்கரி. கேத்தரீனா விட், டெபி தாமஸ் இருவரும் ஒரே 'கார்மென்' இசையை எடுத்துக்கொண்டு மோதிக்கொண்ட ஒலிம்பிக் என்றுதான் ஊடகங்கள் அதை நினைவு வைத்திருக்கின்றன. எனக்கு அந்த இரவு இட்டோவின் இரவு. நான்கு நிமிட ஆட்டத்தில் ஏழு டிரிபிள் தாவல்கள், அதாவது மும்மூன்று சுற்றுச் சுற்றும் ஏழு தாவல்கள். கடைசித் தாவல் முடிவதற்குள் அரங்கம் எழுந்து நின்றுவிட்டது. பலன் என்ன? ஐந்தாவது இடம். எட்டு போடும் சுற்றில் அவர் பத்தாவதாக வந்திருந்தார். அந்தப் பள்ளத்திலிருந்து எத்தனை தாவினாலும் பதக்கம் எட்டவில்லை.

அதே ஆண்டு கடைசியில் இட்டோ போட்டியில் டிரிபிள் ஆக்செல் போட்டார். பெண்களில் அவரே முதல். ஆக்செல் மற்ற தாவல்களைப் போல் இல்லை. மற்றவற்றில் பின்பக்கமாக வந்து தாவுவார்கள். இதில் மட்டும் முன்பக்கம் பார்த்தபடி, இடது காலின் வெளி விளிம்பிலிருந்து கிளம்பி, வலது காலில் பின்பக்கமாக இறங்க வேண்டும். அதனால் அரைச் சுற்று கூடுதல். மூன்றரைச் சுற்றை ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் முடிக்க வேண்டும். 1882இல் இதை ஒன்றரைச் சுற்றாக முதலில் செய்து காட்டிய நார்வேக்காரர் ஆக்செல் பால்சனின் பெயரே இதற்கு. முன்னால் பார்த்துக்கொண்டே காற்றில் குதிப்பதில் ஒரு பயம் இருக்கிறது. விழப்போகும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. பல திறமைசாலிகள் உடம்பில் பலம் இருந்தும் இதில் தயங்கக் காரணம் அதுதான் என்று தோன்றுகிறது.

1989 பாரிஸ் உலகப் போட்டி. எட்டில் ஆறாவது, குறும் ஆட்டத்திலும் விருப்ப ஆட்டத்திலும் முதலிடம். விருப்ப ஆட்டத்தில் டிரிபிள் ஆக்செலையும் தவறாமல் போட்டார். தங்கம். இந்த ஆட்டத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் ஆசியர் மிடோரி இட்டோ. அடுத்த ஆண்டு கனடாவின் ஹாலிஃபாக்ஸில் எட்டு மறுபடியும் காலை வாரியது. அதில் பத்தாவது, மற்ற இரண்டிலும் முதலிடம், ஆனாலும் தங்கம் அமெரிக்காவின் ஜில் டிரெனரிக்கு. என் கணக்கில் அது இட்டோவின் தங்கம்தான். கட்டாய வடிவங்கள் இடம்பெற்ற கடைசி உலகப் போட்டியும் அதுவே. சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனமான ஐஎஸ்யூ அவற்றை எடுத்துவிட 1988லேயே முடிவு செய்திருந்தது. நடைமுறைக்கு வந்தது 1990 கோடையில். சில மாதங்கள் முன்னால் வந்திருந்தால் இட்டோவின் அலமாரியில் இரண்டு தங்கம் இருந்திருக்கும்.

எட்டு ஒழிந்ததும் இட்டோவுக்குப் பாதை திறந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். 1991 மியூனிக்கில் நடந்ததைப் பாருங்கள். குறும் ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப்பில் பிரான்ஸின் லெடீசியா ஊபேர் மீது மோதினார். அடி பலம். பிறகு ஆட்டத்தின் நடுவே தாவல் நிலை தவறி, தொலைக்காட்சி கேமராவுக்காகத் தடுப்பில் விட்டிருந்த இடைவெளி வழியே ரிங்க்குக்கு வெளியே போய் விழுந்தார். மறுகணம் உள்ளே குதித்து ஏறி, இசையைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார். நான்காவது இடம். அந்த ஆண்டு மூன்று பதக்கமும் அமெரிக்கப் பெண்களுக்கு. இரண்டாவதாக வந்த டோன்யா ஹார்டிங், டிரிபிள் ஆக்செல் போட்ட இரண்டாவது பெண்.

1992 ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்குக்கு வந்தபோது ஒரு தேசமே இட்டோவின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. குறும் ஆட்டத்தில் ஆபத்தான ஆக்செலை விலக்கி, எளிதான லூட்ஸ் தாவலைப் போட்டார். அதில் விழுந்தார். விருப்ப ஆட்டத்தில் முதல் ஆக்செலிலும் விழுந்தார். ஆனால் ஆட்டம் முடியும் தறுவாயில், கால் களைத்துப் போயிருக்கும் நேரத்தில், திட்டத்திலேயே இல்லாத இன்னொரு டிரிபிள் ஆக்செலை எடுத்து, நின்று காட்டினார். ஒலிம்பிக்கில் ஒரு பெண் போட்ட முதல் டிரிபிள் ஆக்செல் அது. வெள்ளி. தங்கம், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான கிறிஸ்டி யமகுச்சிக்கு. வெள்ளி வாங்கியவர் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்காகக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஜப்பானிலேயே நடக்கவிருந்த நாகனோ ஒலிம்பிக்கை மனத்தில் வைத்து, அதே 1992இல் ஜப்பான் ஸ்கேட்டிங் சம்மேளனம் ஓசையில்லாமல் ஒரு வேலை தொடங்கியது. நாடெங்கும் உள்ள துடியான சிறுவர் சிறுமிகளைப் பொறுக்கியெடுத்து, கோடையில் நொபேயாமா என்ற மலைப்பகுதியில் முகாம் நடத்தியது. அப்படி வந்தவர்களில் ஒருவர் ஷிசுகா அரகாவா. 2006இல் டியூரினில் தங்கம் வென்றார். பெண்கள் பிரிவில் ஆசியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அந்த ஒலிம்பிக்கில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே பதக்கமும் அதுதான். உடலைப் பின்னுக்கு வில்லாக வளைத்துச் சறுக்கும் 'இனா பாவர்' அசைவுக்குப் புதிய மதிப்பெண் முறையில் தனியாக ஒரு புள்ளியும் கிடையாது. தெரிந்தே அதை ஆட்டத்தில் வைத்தார்.

ஆனால் அரகாவா வளர்ந்த செண்டாய் ரிங்க் 2004 கடைசியில், நடத்தியவர்களுக்குக் கட்டுப்படியாகாமல், பூட்டிக் கிடந்தது. பனியை உருகாமல் வைத்திருக்கும் செலவு ஆண்டு முழுக்க ஓடும். குழந்தைகள் கொடுக்கும் கட்டணம் அதற்கு எந்த மூலைக்கு? தங்கம் வந்த பிறகுதான் குரல் எடுபட்டது. உள்ளூர் அரசின் உதவியோடு 2007இல் ரிங்க் திறந்தது. ஆண்கள் பிரிவில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற யுசுரு ஹன்யு பழகியதும் அதே பனியில்தான்.

நகோயாவில் யமாடா ஓயவில்லை. ஹார்டிங்குக்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் புதிதாக எந்தப் பெண்ணும் போட்டியில் தொடாத டிரிபிள் ஆக்செலை 2002இல் மீண்டும் போட்ட இருவரில் ஒருவர், அவர் மாணவி யுகாரி நகானோ. அதே ஆண்டு டிசம்பரில் நகோயாவின் இன்னொரு பெண்ணான மிகி ஆண்டோ, நான்கு சுற்றுச் சால்கோ தாவலைப் போட்டார். பெண்கள் வரலாற்றில் முதல் குவாட். பிறகு யமாடாவின் கையில் வந்தவர் மாவோ அசாடா. 2005 டிசம்பரில் டோக்கியோ கிராண்ட் பிரீ இறுதியில், நடப்பு உலக சாம்பியன் இரினா ஸ்லுட்ஸ்கயாவைப் பதினைந்து வயது அசாடா தோற்கடித்தார். ஆனால் அடுத்த பிப்ரவரியில் டியூரினில் ஆட அனுமதி இல்லை. அன்றைய விதிப்படி, ஒலிம்பிக்குக்கு முந்தைய ஜூலை முதல் தேதிக்குள் 15 வயது முடிந்திருக்க வேண்டும். அசாடாவுக்கு 87 நாள் குறைந்தது. விதியைத் தளர்த்தலாகாதா என்று ஜப்பானில் குரல் எழுந்தது. ஐஎஸ்யூ இறங்கி வரவில்லை.

2010 வான்கூவரில் அசாடா ஒரே ஒலிம்பிக்கில் மூன்று டிரிபிள் ஆக்செல் போட்டார். அதற்கும் வெள்ளிதான் கிடைத்தது. எதிரே கொரியாவின் கிம் யூனா இருந்தார். அந்தக் கதை தனி.

2014க்குப் பிறகு காற்று ரஷ்யப் பக்கம் திரும்பியது. பருவ வளர்ச்சி முழுமையடையாத, ஒல்லியான உடம்புகளுக்குச் சுழற்சி எளிது என்ற கணக்கில் அங்கே ஒரு பட்டறையே நடந்தது. 15 வயதில் தங்கம், 18 வயதில் காயத்தோடு ஓய்வு. 2022 பெய்ஜிங்கில் அலெக்சாண்ட்ரா ட்ருசோவா ஒரே ஆட்டத்தில் ஐந்து குவாட் முயன்று வெள்ளி வாங்கினார். 15 வயது கமிலா வலியேவாவின் ஊக்கமருந்து விவகாரம் அந்தப் போட்டி முழுவதையும் கறையாக்கியது. 2024இல் அவருக்கு நான்காண்டுத் தடை உறுதியானது. அந்தப் பெண்ணைச் சுற்றியிருந்த பெரியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2022 ஜூனில் ஐஎஸ்யூ மூத்தோர் பிரிவின் குறைந்தபட்ச வயதை இரண்டு கட்டமாக 17க்கு உயர்த்தியது.

பெய்ஜிங்கில் குவாட்டும் இல்லாமல் டிரிபிள் ஆக்செலும் இல்லாமல் வெண்கலம் வாங்கியவர் கோபே நகரத்துக் கவோரி சகாமோட்டோ. வேகம், நீண்ட தாவல், பனியை ஆழமாகப் பிடிக்கும் விளிம்பு, இவைதான் அவர் கைமுதல். 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று உலகப் பட்டம். 1966-68இல் பெக்கி ஃபிளெமிங் செய்ததற்குப் பிறகு பெண்களில் வேறு யாரும் செய்யாதது. ரஷ்யர்கள் தடை செய்யப்பட்ட மேடையில் வென்றார் என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் 20 வயதைத் தாண்டிய பிறகுதான் ஒரு பெண் தன் உச்சத்துக்கு வந்தார் என்பதும் உண்மை. 2025-26 பருவமே தன் கடைசிப் பருவம் என்று அவர் அறிவித்தார்.

அவருக்குப் பின்னால் நிற்பவர்களில் எல்லோர் கண்ணும் மாவோ ஷிமாடா மேல். அசாடாவின் ரசிகர்களான பெற்றோர் வைத்த பெயர் அது. 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் ஜூனியர் உலகப் பட்டம். டிரிபிள் ஆக்செலும் குவாட்டும் கைவசம். பிறந்தது 2008 அக்டோபர் 30. 2025 ஜூலை முதல் தேதிக்குள் 17 முடிந்திருக்க வேண்டும் என்ற புதிய விதியில், நான்கு மாதம் குறைந்து, மிலான் ஒலிம்பிக் அவருக்கு இல்லாமல் போனது. வயது விதி சரியானது என்பதே என் கட்சி. ஆனால் ரஷ்யப் பட்டறைக்குப் போட்ட பூட்டு ஜப்பானியச் சிறுமியின் வாசலில் விழுந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

2030 ஒலிம்பிக் பிரெஞ்சு ஆல்ப்ஸில். அப்போது ஷிமாடாவுக்கு 21 வயது இருக்கும். பெய்ஜிங்கில் சகாமோட்டோவுக்கு இருந்த அதே வயது. டியூரினில் அரகாவாவுக்கு 24. அந்த வயதிலும் குவாட்டைக் காப்பாற்றி வைத்திருக்க முடியுமா என்பது பெண்கள் ஆட்டத்தில் இன்னும் தீராத கணக்கு.

அடுத்த வாரம்: அசாடாவுக்கு எதிரே நின்ற கொரியாவின் கிம் யூனா.

(தொடரும்)