இரண்டு ஜோக்கர்கள், ஒரு நகரம்

வில்லனை நடுவில் வைத்து சூப்பர்ஹீரோ படம் எடுத்தால் சனம் வருமா? ரொறொன்ரோவில் இருப்பவர்கள் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகளைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறார்கள். 2015இல் யங் வீதியை இரவில் மறித்து 'சூசைட் ஸ்குவாட்' எடுத்தார்கள். ஜாரெட் லெட்டோவின் ஜோக்கர் ஊதா நிறக் காரில் பறக்க, பேட்மேனின் வண்டி துரத்திக்கொண்டு போனது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பரில், வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருதை வென்ற கையோடு வாக்கீன் ஃபீனிக்ஸின் 'ஜோக்கர்' ரொறொன்ரோ சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு வந்து இறங்கியது.

வசூலை வைத்துப் பார்த்தால் இரண்டுமே வெற்றிதான். முதலாவது உலகெங்கும் 740 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டியது. இரண்டாவது, சீனாவில் வெளியாகாமலே, ஒரு பில்லியனைத் தாண்டியது. படம் முடிந்து வெளியே வருகிறவர்களிடம் கேட்டு மதிப்பிடும் சினிமாஸ்கோர் இரண்டுக்கும் ஒரே 'பி பிளஸ்' தந்தது. ஆக, சனம் வரும். வந்த சனம் எதைக் கொண்டாடியது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

'சூசைட் ஸ்குவாட்' வில்லன்களைச் சிறையிலிருந்து இழுத்து வருகிறது. கழுத்தில் குண்டைப் பொருத்தி, அவர்களைவிடக் கொடிய ஒரு சூனியக்காரியோடு மோத விடுகிறது. அந்த இடத்திலேயே கதை கைநழுவிப் போகிறது. எதிரே உலகையே அழிக்க ஒருத்தி நின்றால், இவர்கள் செய்வதெல்லாம் கதாநாயகன் செய்ய வேண்டிய வேலை. வில் ஸ்மித்தின் கொலையாளிக்கு ஒரு பாசமுள்ள மகள் வேறு. அவனால் செத்தவர்களைப் பற்றி நினைக்கப் படம் நமக்கு நேரமே தருவதில்லை. லெட்டோ நடித்தவற்றில் பல காட்சிகள் வெட்டில் போயின. எஞ்சிய ஜோக்கர் கதையின் ஓரத்தில் வந்து போகிறவன். ஒப்பனைக்கு ஒஸ்கார் கிடைத்தது. அது பொருத்தமான பரிசு என்றே நினைக்கிறேன், ஏனென்றால் வில்லத்தனம் அந்தப் படத்தில் ஒப்பனையோடு நின்றுவிட்டது.

டொட் பிலிப்ஸின் 'ஜோக்கர்' அந்தத் தப்பும் வழியை அடைத்துவிடுகிறது. அதில் பேட்மேன் இல்லை. புரூஸ் வேய்ன் இன்னும் சிறுவன். ஜோக்கராக மாறும் ஆர்தர் ஃபிளெக்கைவிடப் பெரிய பூதம் எதுவும் வந்து அவனை நல்லவனாக்குவதில்லை. நகரசபை நிதியை வெட்டுகிறது, ஆலோசனை நிலையம் மூடப்படுகிறது, மருந்து நிற்கிறது. அதுவரை நாம் அவன் பக்கம். பிறகு சுரங்க ரயிலில் மூன்று பேரைச் சுடுகிறான். அதில் தப்பி ஓடும் ஒருவனைத் துரத்திப் போய்க் கொல்லும்போது, இரக்கப்பட்ட நமக்கே நெஞ்சு உறுத்துகிறது. இந்த உறுத்தலைத்தான் நான் படத்தின் சாதனையாகக் கருதுகிறேன். வன்முறைக்குத் தூண்டும் என்று அன்று பலர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை நான் எள்ளவில்லை. ஆனால் இரக்கத்தையும் குற்றத்தையும் ஒரே உடலில் காட்டத் துணிந்த படத்துக்கு அந்த ஆபத்து கூடவே வரும்.

வில்லனை நடுவில் வைப்பது தமிழுக்குப் புதிதில்லை. கிருஷ்ணன்-பஞ்சுவின் 'ரத்தக்கண்ணீர்' 1954இல் வந்தது. மனைவியை உதறி, தாயை மதிக்காமல், தாசி வீடே கதியென்று கிடக்கும் மோகனசுந்தரத்தைத் தவிர அந்தக் கதைக்கு மையம் கிடையாது. அவனாக நடித்த எம்.ஆர். ராதாவின் நாக்குக்குச் சனம் கைதட்டியது; தொழுநோயில் அவன் அழிவதையும் உட்கார்ந்து பார்த்தது. அவனை நல்லவனாக்கக் கதை அவசரப்படவில்லை. 2011இல் 'மங்காத்தா'வில் அஜித் கடைசிவரை திருந்தாத விநாயக்காக வந்தபோதும் திரையரங்குகள் அதிர்ந்தன. அந்த வெற்றியில் பாதி நட்சத்திரத்தின் மேலுள்ள அன்பு என்பது என் கணிப்பு. ஹொலிவுட்டில் ஜோக்கர் நிலைத்திருக்க நடிகர்கள் மாறுகிறார்கள். நம்மிடம் நடிகர் நிலைத்திருக்கப் பாத்திரம் மாறுகிறது.

அந்த இரண்டு ஹொலிவுட் படங்களின் இரண்டாம் பாகங்களும் வசூலில் சறுக்கின. 2021இன் 'த சூசைட் ஸ்குவாட்' கொள்ளைநோய்க் காலத்தில், திரையரங்கிலும் இணையத்திலும் ஒரே நேரத்தில் வந்த படம். அதை வைத்துத் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. 2024இன் 'ஜோக்கர்: ஃபோலி ஆ டியூ' அப்படியல்ல. ஏறக்குறைய 200 மில்லியன் டொலரில் எடுத்து, உலகெங்கும் ஏறக்குறைய அவ்வளவையே வசூலித்தது. சினிமாஸ்கோர் 'டி'. அதில் ஆர்தர் நீதிமன்றத்தில் நின்று ஜோக்கர் வேடத்தைக் கைவிடுகிறான், கொலைகளை ஒப்புக்கொள்கிறான். அவனைக் கொண்டாடிய கூட்டம் படத்துக்குள்ளேயும் அவனை விட்டுப் போகிறது, வெளியேயும் போனது. பாட்டுகள் கதையை இழுத்தன என்பது உண்மை. ஆனாலும் ஒரு வில்லனைத் தன் குற்றத்துக்குப் பொறுப்பேற்க வைத்த படம் அது. முதல் பாகத்தைப் பார்த்துக் கைதட்டியவர்கள், அந்த நீதிமன்றக் காட்சிக்காகவாவது இரண்டாவதையும் ஒருமுறை பாருங்கள்.