தாயை விஞ்சிய பிள்ளை: ஏகார்ன் கம்ப்யூட்டர்ஸ் கதை

1984 டிசம்பரில், கேம்பிரிட்ஜ் நகரின் 'பேரன் ஆஃப் பீஃப்' மதுக்கடையில் ஒரு கைகலப்பு. சர் கிளைவ் சின்கிளேர், சுருட்டிய செய்தித்தாளால் கிறிஸ் கரியை அடித்தார். அடித்தவர் பிரிட்டனின் வீட்டுக் கம்ப்யூட்டர் சந்தையில் கொடிகட்டிப் பறந்தவர். அடி வாங்கியவர் ஒரு காலத்தில் அவரிடமே வேலை பார்த்து, பிரிந்துபோய் 'ஏகார்ன்' என்ற போட்டிக் கம்பெனியைத் தொடங்கியவர். சின்கிளேர் கருவிகள் எளிதில் பழுதாகின்றன என்று ஏகார்ன் கொடுத்த விளம்பரம்தான் சண்டைக்குக் காரணம். வேடிக்கை என்னவென்றால், அப்போதே இருவர் காலடியிலும் மண் சரிந்துகொண்டிருந்தது.

கரியும், வியன்னாவில் பிறந்த இயற்பியலாளர் ஹெர்மன் ஹவுசரும் சேர்ந்து 1978இல் தொடங்கிய கம்பெனி ஏகார்ன். அதிர்ஷ்டம் 1981இல் வந்தது. கம்ப்யூட்டர் பற்றிப் பொதுமக்களுக்குச் சொல்லித்தரத் தொலைக்காட்சித் தொடர் எடுக்கத் திட்டமிட்ட பிபிசி, அதோடு விற்க ஒரு கம்ப்யூட்டரைத் தேடியது. ஒரே வாரத்தில் மாதிரி தயாராக வேண்டும். ஹவுசர் ஒரு தந்திரம் செய்தார். வாரத்துக்குள் முடியும் என்று பொறியாளர் ஸ்டீவ் ஃபர்பர் சொல்லிவிட்டார் என சக பொறியாளர் சோஃபி வில்சனிடமும், வில்சன் சொல்லிவிட்டார் என ஃபர்பரிடமும் சொல்லிவைத்தார். இருவரும் ராப்பகலாக உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை வரை மாதிரி உயிர்பெறவில்லை. ஒரு இணைப்பு வயரைத் துண்டித்துப் பாருங்கள் என்றார் ஹவுசர். துண்டித்ததும் ஓடியது. பிபிசிக்காரர்கள் வந்து சேர்வதற்குச் சில மணி நேரமே மிச்சம்.

அப்படிப் பிறந்த 'பிபிசி மைக்ரோ' 12,000 விற்றால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். காலப்போக்கில் 15 லட்சத்தைத் தொட்டது. பிரிட்டனின் பள்ளிகளை அது வளைத்துப் போட்டது. இந்திய அரசு 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டத்துக்கும் அந்தப் பெட்டிதான் வந்தது. 1983 இலையுதிர் காலத்தில் பங்குச் சந்தைக்குள் நுழைந்த ஏகார்னின் மதிப்பு 13 கோடி பவுண்டைத் தாண்டியது.

சறுக்கலும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. வீடுகளுக்கென்று மலிவாக 'எலக்ட்ரான்' என்ற கம்ப்யூட்டரை அறிவித்தார்கள். அதன் முக்கியச் சில்லைத் தயாரிப்பதில் சிக்கல். கிறிஸ்துமஸுக்கு மூன்று லட்சம் ஆர்டர் வந்தது. கடைகளுக்குப் போனது ஏறத்தாழ 30,000 மட்டுமே. மறு வருடம் தயாரிப்பு சீரானபோது வாங்க ஆளில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் மோகம் வடிந்துவிட்டது, விலைகள் சரிந்தன, இரண்டரை லட்சம் பெட்டிகள் கிடங்கில் தேங்கின. அமெரிக்காவுக்குப் போய்க் கடை விரித்ததிலும் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஏகார்னை வீழ்த்தியது பெரிய எதிரிகள்தான் என்று எழுதுவது வழக்கம். உண்மையில் ஐபிஎம் வந்து கதவைத் தட்டுவதற்கு முன்பே கம்பெனி தன் கையாலேயே தன்னைப் பாதி சாய்த்துக்கொண்டது.

1985 பிப்ரவரியில் இத்தாலியின் ஒலிவெட்டி, 1.2 கோடி பவுண்டுக்கு 49.3 சதவீதப் பங்குகளை வாங்கிக்கொண்டது. அதற்கு முந்தைய ஆறு மாத நட்டமே 1.1 கோடி பவுண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 80 சதவீதம் ஒலிவெட்டி வசம் போனது. மதுக்கடையில் கை ஓங்கிய சின்கிளேரும் தப்பவில்லை. 1986இல் தன் கம்ப்யூட்டர் வியாபாரத்தை வெறும் 50 லட்சம் பவுண்டுக்குப் போட்டிக் கம்பெனியான ஆம்ஸ்ட்ராடிடம் விற்றார். அதே ஆண்டு ஆம்ஸ்ட்ராட், ஐபிஎம் மென்பொருள் ஓடக்கூடிய பெட்டியை 399 பவுண்டுக்குக் கொண்டுவந்தது. இனி எல்லாரும் வாங்கப்போவது எதை என்பது அதோடு தீர்மானமாகிவிட்டது.

ஆனால் ஒலிவெட்டி கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோது அதன் கண்ணில் படாத ஒன்று கேம்பிரிட்ஜில் நடந்துகொண்டிருந்தது. அடுத்த கம்ப்யூட்டருக்கு எந்தச் செயலியைப் போடுவது என்று தேடிய வில்சனுக்கும் ஃபர்பருக்கும், சந்தையில் கிடைத்தது எதுவும் பிடிக்கவில்லை. பிபிசி மைக்ரோவின் 6502 சில்லுக்குப் பிந்தைய தலைமுறை எப்படி உருவாகிறது என்று பார்க்க அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகருக்குப் போனார்கள். பெரிய ஆலையை எதிர்பார்த்துப் போனவர்கள் பார்த்தது ஒரு சாதாரண வீட்டையும், விடுமுறை வேலைக்கு வந்த மாணவர்களையும். இவர்களால் முடியுமென்றால் நம்மால் முடியாதா என்ற துணிச்சலோடு திரும்பினார்கள். கட்டளைகளைக் குறைத்து, எளிமையாக்கி, வேகம் கூட்டலாம் என்று பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். அந்த வழியில் வில்சன் கட்டளைத் தொகுப்பை வகுத்தார்; ஃபர்பர் சில்லின் உள்ளமைப்பை வரைந்தார். வேறு யாரிடமும் இல்லாத இரண்டை அவர்களுக்குக் கொடுத்தேன், ஒன்று பணமின்மை, மற்றொன்று ஆளின்மை என்று ஹவுசர் பிற்பாடு கிண்டலாகச் சொல்வதுண்டு. கிண்டல்தான், ஆனால் சில்லு சிறுத்ததற்கு அதைவிடச் சரியான விளக்கம் கிடையாது.

1985 ஏப்ரல் 26. முதல் சில்லு அமெரிக்க ஆலையிலிருந்து வந்து சேர்ந்தது. போர்டில் செருகினார்கள், முதல் தடவையிலேயே வேலை செய்தது. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று ஃபர்பர் மீட்டரை வைத்துப் பார்த்தால் முள் பூஜ்யத்தில் நின்றது. சோதித்தபோதுதான் தெரிந்தது, போர்டிலிருந்து சில்லுக்கு மின் இணைப்பே வரவில்லை. மற்ற கால்கள் வழியே கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. சூடு அதிகமானால் விலை கூடிய செராமிக் உறை வேண்டும். மலிவான பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கவே மின் செலவைக் குறைக்கப் பார்த்தார்கள். குறைப்பு கொஞ்சம் அளவுக்கு மீறிப் போய்விட்டது.

அந்தச் சில்லின் அடுத்த வடிவத்தைத் தாங்கி 1987இல் 'ஆர்க்கிமிடிஸ்' வந்தது. அதே விலையில் கிடைத்த மற்றப் பெட்டிகளை வேகத்தில் எளிதாகப் பின்னுக்குத் தள்ளியது. என்ன பயன்? அலுவலகங்கள் கேட்டது ஐபிஎம் மென்பொருளை. ஏகார்ன் பள்ளிகளுக்குள் ஒதுங்கியது. பள்ளிகள் சோறு போட்டன. அந்தப் பத்திரமான இடம்தான் கம்பெனியை வெளியே போய் மோத விடாமல் பத்தாண்டு கட்டிப்போட்டது.

வெளியே போனது சில்லுதான். 'நியூட்டன்' என்ற கையடக்கக் கருவிக்கு மின்சாரம் குறைவாகக் குடிக்கும் செயலி ஆப்பிளுக்குத் தேவைப்பட்டது. போட்டியாளர் ஒருவருக்குள் இருக்கும் பிரிவிடம் சில்லு வாங்க ஆப்பிளுக்கு மனமில்லை. ஆகவே 1990 நவம்பரில் ஏகார்ன், ஆப்பிள், சில்லு தயாரிப்பாளரான விஎல்எஸ்ஐ மூன்றும் சேர்ந்து 'ஆர்ம்' என்ற தனிக் கம்பெனியைத் தொடங்கின. ஆப்பிள் போட்டது 15 லட்சம் பவுண்டு. ஏகார்ன் கொடுத்தது வடிவமைப்பையும் 12 பொறியாளர்களையும். கேம்பிரிட்ஜுக்கு அருகே ஒரு பழைய தானியக் களஞ்சியம்தான் அலுவலகம். ஆலை கட்டப் பணமில்லாததால், சில்லைச் செய்து விற்காமல், செய்யும் உரிமையை மட்டும் விற்கும் வழியை ராபின் சாக்ஸ்பி தலைமையில் பிடித்தார்கள். எந்தப் பெரிய கம்பெனிக்கும் அவர்கள் எதிரியாகத் தெரியவில்லை. எல்லாருமே வாடிக்கையாளர் ஆகலாம். 1997இல் வந்த நோக்கியா 6110 அந்தச் சில்லைப் பல கைகளில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நியூட்டன் விலைபோகவில்லை. ஆனால் அதே 1997இல் 100 கோடி டாலருக்கு மேல் நட்டத்தில் கிடந்த ஆப்பிளுக்கு, ஆர்ம் பங்குகள் அடுத்த சில ஆண்டுகளில் பல கோடி டாலரைக் கொண்டுவந்தன. மீண்டெழுந்த கம்பெனிகளுக்கு எடுத்துக்காட்டாக ஆப்பிளைச் சொல்பவர்கள் இந்த வரவை அநேகமாகக் குறிப்பிடுவதில்லை.

ஏகார்னுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1998 ஏப்ரலில் ஆர்ம் பங்குச் சந்தைக்கு வந்தது. செப்டம்பரில், ஏறக்குறைய முடிந்திருந்த 'ஃபீபி' என்ற புதுக் கம்ப்யூட்டரைக் கைவிட்டு, கம்ப்யூட்டர் பிரிவையே ஏகார்ன் மூடியது. கையிலிருந்த ஆர்ம் பங்குகளின் மதிப்பு ஏகார்னின் முழு மதிப்பையும் தாண்டிப்போயிருந்தது. தாயை வாங்கிக் கலைத்தாலே லாபம் என்ற நிலையில் 1999இல் மார்கன் ஸ்டான்லி சார்ந்த நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. ஏகார்ன் பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பதிலாகக் கிடைத்தது ஆர்ம் பங்கு.