சட்ட வாசகமும் சமத்துவமும்: தாடியஸ் ஸ்டீவன்ஸின் பொதுவாழ்வு

முன்னுரை

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத் தலைவர்களுள் ஒருவரான தாடியஸ் ஸ்டீவன்ஸ் (1792–1868), கறுப்பின மக்களின் உரிமைக்காக வாதாடியவராகவே பெரிதும் அறியப்படுகிறார். அவருடைய தொடக்ககால வழக்கொன்றோ இதற்கு முரணாக நிற்கிறது. இம்முரணை முன்வைத்து, சட்டத்தின் வாசகம் அவருடைய பொதுவாழ்வில் பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு வழக்குகள்

வெர்மான்ட்டில் பிறந்த ஸ்டீவன்ஸ், 1816இல் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் வழக்கறிஞரானார். வெளிமாநிலத்தார் அழைத்துவரும் அடிமைகள் ஆறு மாதங்களுக்கு மேல் தங்கவைக்கப்பட்டால் விடுதலை பெறுவர் என்பது அம்மாநிலத்தின் 1780ஆம் ஆண்டுச் சட்டம். மேரிலாந்திலிருந்து பலமுறை அழைத்துவரப்பட்ட சாரிட்டி பட்லர், அக்காலங்களைக் கூட்டிக் கணக்கிட்டு விடுதலை கோரினார். ஸ்டீவன்ஸ் எதிர்த்தரப்பில், அடிமை உரிமையாளருக்காக வாதாடினார். ஆறு மாதங்களும் இடைவிடாத் தொடர்ச்சியாக அமைய வேண்டும் என 1821இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்லரின் கோரிக்கை தோற்றது.

1851இல் கிறிஸ்டியானா என்னும் ஊரில், தப்பிவந்த அடிமைகளைப் பிடிக்க வந்த உரிமையாளர் ஒருவர் எதிர்ப்பில் கொல்லப்பட்டார். பிடிக்க உதவ மறுத்த காஸ்ட்னர் ஹான்வே மீது தேசத்துரோக வழக்குத் தொடரப்பட்டது. அவருக்காக வாதாடியோருள் ஸ்டீவன்ஸும் ஒருவர். நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தல் என்னும் அரசியலமைப்பு வரையறைக்குள் அச்செயல் அடங்கவில்லை; ஹான்வே விடுவிக்கப்பட்டார். முதல் வழக்கில் ஓர் சொல்லின் பொருள் விடுதலையை மறுத்தது. இரண்டாவதில் மற்றொரு சொல்லின் பொருள் உயிரைக் காத்தது.

வாசகத்தை மாற்றும் முயற்சி

இவ்விரு வழக்குகளுக்கு இடைப்பட்ட காலத்திலேயே ஸ்டீவன்ஸின் கவனம் சட்டமியற்றலின் பக்கம் திரும்பியிருந்தது. 1835இல், இலவசப் பள்ளிச் சட்டத்தை நீக்கும் முயற்சியை அவருடைய சட்டமன்ற உரை முறியடித்தது. வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டும் உரியதாக்கிய 1838ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பில் அவர் கையெழுத்திட மறுத்தார். சட்டத்தின் சமமான பாதுகாப்பை உறுதிசெய்யும் பதினான்காம் திருத்தம் 1866இல் காங்கிரசில் நிறைவேறியதில் அவருக்கு முக்கியப் பங்குண்டு. வாக்குரிமையை அது நேரடியாக வழங்காமையால், முழு நிறைவின்றியே அதனை அவர் ஏற்றார்.

வாசகம் மட்டும் போதாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். கிளர்ச்சித் தலைவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வீதம் வழங்கும் மசோதாவை 1867இல் முன்வைத்தார். காங்கிரஸ் அதனை ஏற்கவில்லை.

முடிவுரை

1821ஆம் ஆண்டு வழக்கை இளமைப் பிழை என ஒதுக்குவது ஸ்டீவன்ஸின் வாழ்வை எளிமைப்படுத்துவதாகும். ஒரு சட்டச் சொல்லின் வலிமையை அவ்வழக்கு காட்டியது. நில மசோதாவின் தோல்வி அச்சொல்லின் எல்லையைக் காட்டியது. பதினான்காம் திருத்தம் நிலைத்தது, நிலம் கிடைக்கவில்லை என்பதே அவர் விட்டுச்சென்ற மரபின் இரு பக்கங்கள்.